அத்திலாந்திக் வடமும் காவலியின் தகர்வும்

மின்னைத் தொலைவுக்குக் கொண்டு செல்வது செப்புக் கம்பி. அம்மின் வழிதவறாது காப்பது கம்பியைச் சூழ்ந்துள்ள காவலி. கம்பியின் புகழைப் பேசும் உலகம் காவலியின் பெருமையைப் பெரிதும் பேசுவதில்லை. ஆயினும், மின்னியல் வரலாற்றிற் பெருந்தோல்விகள் சில காவலியின் தகர்வினாலேயே நேர்ந்தன. அவற்றுட் பெயர்பெற்றது 1858 ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் இடப்பட்ட தந்தி வடத்தின் கதையாகும்.

அவ்வடத்துக்குக் காவலியாக அமைந்தது கட்டாபேர்ச்சா. மலாயாப் பகுதிக் காடுகளில் வளரும் ஒருவகை மரத்தின் பாலிலிருந்து பெறப்படும் இப்பொருள், வெந்நீரில் இளகிக் குளிரில் இறுகும் இயல்பினது. கடல் நீரிற் கெடாதது. 1851 இல் ஆங்கிலக் கால்வாயின் கீழ் இடப்பட்ட வடத்திலும் இதுவே பயன்பட்டது. ஆதலின், சமுத்திரத்தையும் இதனைக் கொண்டே கடந்துவிடலாம் என முதலீட்டாளர் துணிந்தனர்.

1858 ஓகத்து 5 ஆந் திகதி அயர்லாந்தின் வலன்சியாத் தீவும் நியூபவுண்ட்லாந்தும் வடத்தால் இணைந்தன. விக்ரோறியா மகாராணியார் அமெரிக்க சனாதிபதி புக்கானனுக்கு அனுப்பிய 98 சொற்கொண்ட செய்தி சென்றடைய ஏறத்தாழ 16 மணி நேரம் எடுத்தது. எனினும் இரு கண்டத்து மக்களும் களிகூர்ந்தனர். அக்களிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. செப்டெம்பர் மாதத் தொடக்கத்திலேயே செய்திகள் நின்றன.

இத்தோல்விக்கு முன்னரே இருவேறு கொள்கைகள் மோதியிருந்தன. தொழிலால் அறுவை மருத்துவரான வைற்ஹவுஸ், தந்திக் கம்பனியின் மின்வல்லுநராக விளங்கினார். நெடுந்தொலைவுக்கு உயர்ந்த அழுத்தமே வேண்டும் என்பது அவர் கொள்கை. கிளாஸ்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தொம்சனோ, குறிகளின் தாமதம் வடத்தின் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும் எனக் கணித்து, மெல்லிய மின்னோட்டத்தையும் நுண்ணிய வாங்கு கருவியையும் வேண்டி நின்றார். வைற்ஹவுஸ் 5 அடி நீளமான தூண்டற் சுருள்களால் ஏறத்தாழ 2,000 உவோற்று அழுத்தத்தை வடத்திற் செலுத்தினார். நலிந்த காவலி அதனைத் தாங்கவில்லை.

பழி முழுவதும் அவர்மீதே சுமத்தப்பட்டது. கம்பனி அவரைப் பதவியினின்றும் நீக்கியது. ஆனால், அத்தீர்ப்பு முழு உண்மையன்று. அரசாங்கமும் கம்பனியும் இணைந்து அமைத்த விசாரணைக் குழு 1861 இல் வெளியிட்ட அறிக்கை, வடத்தின் ஆக்கத்திலும் பேணலிலும் இருந்த குறைகளையும் எடுத்துக் காட்டிற்று. வெயிலிற் கிடந்தபோது கட்டாபேர்ச்சா இளகியமையாற் கம்பி சிற்சில இடங்களில் நடுவிலிருந்து விலகியிருந்தது. நோய் முன்னரே இருந்தது. உயரழுத்தம் அதனை மரணமாக்கியது என்பதே பொருந்தும்.

இதன் உட்பொருளைப் பிற்கால அறிவியல் விளக்குகின்றது. காவலி மெலிந்த இடத்தில் மின்புலம் செறிகின்றது. அங்கே கசியும் சிறு மின்னோட்டம் வெப்பத்தை விளைவிக்க, வெப்பம் தடையைக் குறைக்க, கசிவு மேலும் பெருகுகின்றது. வெப்பம் வெளியேறும் வேகத்தினும் விளையும் வேகம் மிகும்போது பொருள் உருகிக் கருகித் துளைபடுகின்றது. இவ்வெப்பத் தகர்வை 1922 இல் வாக்னர் என்னும் செர்மானிய அறிஞர் கணித முறையில் ஆராய்ந்தார். திண்மத்தினுள் அடைபட்ட சிறு காற்றறைகளும் பகையாவன. அவற்றுள் நிகழும் மின்னிறக்கங்கள் சுவரை ஆண்டுக்கணக்கில் அரித்து, மரக்கிளை போன்ற தடங்களை உண்டாக்கும். காற்றிலே பொறி பாய்ந்தால், பொறி அணைந்தபின் காற்று முன்னைய நிலையை எய்தும். திண்மத்தில் விழுந்த துளையோ தானே ஆறுவதில்லை. எனவே ஒரு காவலியின் வலிமை அதன் சராசரித் தடிப்பினாலன்றி, மிக நலிந்த ஓரிடத்தினாலேயே தீர்மானிக்கப்படுகின்றது.

இப்பாடத்தைக் கற்றோர் 1866 இல் வெற்றி கண்டனர். முந்திய வடத்தில் ஒரு கடல் மைலுக்கு 107 இறாத்தல் செம்பும் 261 இறாத்தல் கட்டாபேர்ச்சாவும் இருந்தன; புதிய வடத்தில் அவை முறையே 300, 400 இறாத்தலாயின. 1865 இல் இடையில் அறுந்த வடமும் அவ்வாண்டே மீட்டு முடிக்கப்பட்டது. அவ்விரு வடங்களையும் ஒன்றாய்த் தொடுத்து, தையற்காரர் விரலில் அணியும் வெள்ளி விரற்கூட்டினுள் அமைத்த சிறு மின்கலத்தினாலேயே சமுத்திரத்தின் குறுக்கே குறி அனுப்பினார் லற்றிமர் கிளாக். ஈராயிரம் உவோற்று சாதிக்கத் தவறியதை ஒரு விரற்கூட்டுக் கலம் சாதித்தது. தொம்சனின் கணிதத்துக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.