டிரவுட் பிடிக்கப் படகு எதற்கு? - ஒரு நீலகிரிக் கதை

"மச்சான், என்கிட்ட காத்தடிக்கிற ரப்பர் படகு ஒண்ணு இருக்கு. நாம ஊட்டிப் பக்கம் டிரவுட் பிடிக்கப் போறப்ப அதையும் கார் மேல கட்டிடலாமா, வேண்டாமா?"

நம் செட் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அணை, வாய்க்கால், மதகு என்று பிழைப்பு நடத்துகிற சிவில்காரன் நான் என்பதால் என்னிடம் கேட்டார். ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், இந்தப் படகுக் கேள்விக்குள் நீலகிரியின் 150 வருட வரலாறே இருக்கிறது. மலர்க் குழுவினரும் கட்டுரை கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். ஆக, ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

முதலில் மீனைப் பற்றி. டிரவுட் நம்ம ஊர் மீன் அல்ல. நீலகிரியில் நிலைத்த 'ரெயின்போ டிரவுட்' வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளைச் சேர்ந்தது. குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் அதற்கு வேண்டும். ஓடுகிற ஓடையில், கூழாங்கல் பரப்பைக் குழி பறித்துத்தான் முட்டையிடும். கற்களின் இடுக்கு வழியே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டை பிழைக்கும். வண்டல் மூடினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுவதும் இதைச் சுற்றித்தான்.

வெள்ளைக்காரர்களுக்கு ஊட்டியின் குளிரைப் பார்த்ததும் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது. உருளைக்கிழங்கு வந்தது, முட்டைக்கோஸ் வந்தது. டிரவுட் மட்டும் எளிதில் வரவில்லை. 1860-களில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் (இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர்) முயன்று பார்த்தார், பலிக்கவில்லை. சூயஸ் கால்வாயே 1869-ல்தான் திறந்தது. வெப்ப மண்டலக் கடலைத் தாண்டி முட்டைகளை உயிரோடு கொண்டுவருவது அப்போது லேசான காரியமா என்ன?

இதே காலத்தில் இன்னொரு பக்கம் வேறொரு கப்பல் சாதித்துக் காட்டியது. 1864-ல் 'நார்ஃபோக்' என்ற கப்பல் சால்மன், டிரவுட் முட்டைகளைப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டி அறைக்குள் வைத்து, சுமார் மூன்று மாதப் பயணத்தில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கிருந்து அவை டாஸ்மேனியா போயின. தந்திரம் இதுதான்: குளிர வைத்தால் முட்டை மெதுவாக வளரும். மெதுவாக வளர்ந்தால் ஊர் வந்து சேரும்வரை பொரியாது. நம்ம கான்கிரீட் வேலையில் வெயில் காலத்தில் கலவை சீக்கிரம் இறுகாமல் இருக்க ஐஸ் போடுகிறோமே, கிட்டத்தட்ட அதே கணக்கு!

நீலகிரிக்கு விடிவு பிறந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சென்னை மாகாண அரசின் மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி.வில்சன் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் அமைத்தார். இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ரெயின்போ டிரவுட் வரவழைக்கப்பட்டது. 1910-ஐ ஒட்டி அது நீலகிரியின் மேட்டு ஓடைகளில் காலூன்றிவிட்டது. மலை ரயில் ஊட்டிவரை வந்ததும் இதே சமயத்தில்தான், 1908-ல்.

இப்போது படகுக்கு வருவோம். அந்தக் காலத்து துரைமார்கள் அவலாஞ்சிக்கும் முக்குறுத்திக்கும் தூண்டில் எடுத்துக்கொண்டு போனபோது படகு கொண்டுபோக வேண்டியிருந்ததா? தேவையே இல்லை. படகு கிடைக்காமல் அல்ல. மடக்கி வைக்கக்கூடிய கான்வாஸ் படகை பெர்தன் என்ற பாதிரியார் 19-ஆம் நூற்றாண்டிலேயே உருவாக்கிவிட்டார். படகிலிருந்து டிரவுட் பிடிப்பதும் அவர்களுக்குப் புதிதல்ல. ஸ்காட்லாந்தின் லாக் லெவன் ஏரியில் அதுதான் வழக்கம். மலைக்குக் கீழே காவிரியில் மஹ்சீர் பிடிக்க நம்மவர்களின் பரிசலில் ஏறிக்கொண்டவர்களும் இதே ஆட்கள்தான்.

ஆனால் நீலகிரி உச்சியில் இயற்கையான பெரிய ஏரி ஒன்றுகூடக் கிடையாது. ஊட்டி ஏரியே 1820-களில் ஜான் சல்லிவன் வெட்டச் செய்ததுதான். மற்றபடி இருந்ததெல்லாம் புல்வெளிக்கும் சோலைக்கும் நடுவே வளைந்து ஓடும் சிற்றோடைகள். பல இடங்களில் ஒரே எட்டில் தாண்டிவிடலாம். ஓடையில் டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து, மேற்புறம் பார்த்தபடி நிற்கும். பின்னாலிருந்து, அதாவது கீழ்ப்புறத்திலிருந்து, குனிந்து பதுங்கி வர வேண்டும். நிழல் விழுந்தாலே மீன் பறந்துவிடும். அங்கே படகுக்கு என்ன வேலை?

நிற்க. அதன் பிறகு நம்ம ஜாதி, அதாவது எஞ்சினியர்கள், உள்ளே நுழைந்தோம்! 1932-ல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவை மில்களுக்கு அந்த மின்சாரம்தான் உயிர் கொடுத்தது. 1938-ல் முக்குறுத்தி அணை. சுதந்திரத்துக்குப் பிறகு, கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியுடன் குந்தா திட்டம் வந்தது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று 1960-களில் அணைகள் அடுத்தடுத்து எழும்பின. வில்சனின் டிரவுட் ஓடைகள் பல, கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீர்த்தேக்கமாக விரிந்தன. தோடர்களின் மேய்ச்சல் புல்வெளிகளும் சோலைகளும் தண்ணீருக்கு அடியில் போயின. மின்சாரம் வந்தது, நாடு முன்னேறியது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு விலை கொடுத்தது யார் என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

ஆக, நண்பர் கேட்ட கேள்விக்கு 1930-க்கு முன் அர்த்தமே கிடையாது. அணை கட்டின பிறகுதான் படகு என்ற யோசனையே நியாயமாகிறது. ஓடையில் நின்ற இடத்துக்கு இரை வரும், மீன் காத்திருக்கும். தேங்கின நீரில் மீன்தான் இரையைத் தேடி அலைய வேண்டும். அலைகிற மீனைத் தேடிப்போகப் படகு உதவும். நியாயம்தானே?

கொஞ்சம் பொறுங்கள். நம்ம ஹைட்ராலிக்ஸ் பாடத்தைத் திருப்பிப் பார்ப்போம். குளிர்ந்த நீர் கனமானது. சோலையிலிருந்து வரும் ஓடை, வெயிலில் சற்றுச் சூடான தேக்கத்தில் கலக்கும்போது கரையோரத்திலேயே அமிழ்ந்து கீழே இறங்கும். ஆக்சிஜனும் பூச்சி புழுக்களும் அதோடு கூடவே வரும். டிரவுட் கூடுகிற இடம் அந்த ஓடை வாய்தான். முட்டையிடும் பருவத்தில் மேலே ஏறிப்போவதும் அந்த வழியாகத்தான். காலையிலும் மாலையிலும் கரையோர ஆழமில்லாத நீருக்கும் மேய வரும். இந்த இடங்களுக்கெல்லாம் நடந்தே போய்விடலாம்.

அதுமட்டுமல்ல, இவை மின் உற்பத்திக்கான அணைகள். தேவைக்கு ஏற்ப நீர்மட்டம் ஏறும், இறங்கும். காலையில் படகை இறக்கின கரை, சில நாளில் வழுக்கும் சேறாகிவிடும். சுரங்கக் குழாயின் வாய்ப் பக்கம் மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுப்பு இருக்கும். மலை இடுக்கில் திடீரென்று காற்று கிளம்பினால் ரப்பர் படகு காய்ந்த சருகு மாதிரிதான். குளிர்ந்த நீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவனுக்கும் சில நிமிடங்களில் கை கால் மரத்துப்போகும். அவலாஞ்சி மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டிய இடம் அது. பிள்ளைகுட்டிகளோடு போகிற நாம் இதையெல்லாம் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியுமா?

சட்டமும் இருக்கிறது. முக்குறுத்திப் பகுதி 1982-ல் சரணாலயமாகி, 1990-ல் தேசியப் பூங்காவானது. அங்கே தூண்டிலுக்கே இடமில்லை. மற்ற அணைகளிலும் வனத்துறை, மின்வாரியம், மீன்வளத்துறை என்று உரியவர்களின் அனுமதி இல்லாமல் நம் இஷ்டத்துக்குப் படகை இறக்க முடியாது.

எனவே நண்பருக்கு நான் சொன்ன பதில்: "படகை வீட்டிலேயே வைடா மாப்ளே. முதல்ல அனுமதி கிடைக்குதான்னு விசாரிப்போம். கிடைச்சா ஓடை வாய்ல நின்னு தூண்டில் போடுவோம். கிடைக்கலைன்னா நல்ல பூட்ஸ் போட்டு நடப்போம்."

அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. தேங்கின நீரில் டிரவுட் வாழும், வளரும், ஆனால் பெருகாது. முட்டையிட ஓடைக்குத்தான் போயாக வேண்டும். ஓடை வற்றினால், சோலை அழிந்து வண்டல் இறங்கினால், பொரிப்பகத்துக் குஞ்சை விட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். டிரவுட்டாவது வந்தேறி மீன். அது இல்லாமலும் நீலகிரி நீலகிரிதான். ஆனால் அதே ஓடைகளை நம்பித்தான் இந்த மண்ணுக்கே உரிய தவளைகளும் சின்ன மீன்களும் இருக்கின்றன. கீழே பவானிக் கரையில் நாமும் இருக்கிறோம். நம் கல்லூரியிலிருந்து இன்னும் பல பேர் அணை கட்டவும் சாலை போடவும் போவார்கள். வரைபடத்தில் மெல்லிசான நீலக் கோடாகத் தெரியும் சிற்றோடையை அழிரப்பரால் துடைப்பதற்கு முன்னால், ஒரு தடவை நேரில் போய் அதன் கரையில் நின்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். படகு இல்லாமல்தான்!