அட்லாண்டிக் சிட்டி: மணல்மேல் போட்ட கணக்கு

அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நயாகரா முடிந்தது, நியூயார்க் முடிந்தது. "கடல் பக்கம் ஏதும் இல்லையாப்பா?" என்று அப்பா கேட்டார். நியூ ஜெர்சியில் இருப்பவனுக்கு முதலில் வாயில் வரும் பெயர் அட்லாண்டிக் சிட்டி. சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அது காசினோக்களின் ஊர். அப்பா ஒருகாலத்தில் சம்பளத்தில் பாதியை லாட்டரிச் சீட்டாக வீட்டுக்குக் கொண்டுவந்தவர். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்த அன்று அம்மா பாயசம் வைத்தாள்.

அன்றிரவு பயணத்திட்டம் போட உட்கார்ந்தவன், அந்த ஊரின் கதையைப் படிப்பதில் போய் விழுந்தேன்.

ஊரே ஒரு திட்டத்தில் பிறந்ததுதான். அப்சீகன் என்ற மணல்தீவில் கடற்காற்று உடம்புக்கு நல்லது என்று ஜோனதன் பிட்னி என்ற மருத்துவர் சொல்லிக்கொண்டிருந்தார். முதலீட்டாளர்கள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. 1854இல் கேம்டனிலிருந்து ரயில் பாதை போட்டார்கள். பாதை போட்டவர்களுக்கு வேண்டியவர்களே கடற்கரை நிலத்தையும் முன்கூட்டி வாங்கி வைத்திருந்தார்கள். மணலுக்கு விலை வந்தது. வந்தவர்கள் காலில் ஒட்டிய மணல் ரயில் பெட்டியையும் ஓட்டல் கம்பளத்தையும் பாழாக்கியதால் 1870இல் பலகைப் பாதை ஒன்று அமைத்தார்கள். உலகப் புகழ்பெற்ற அந்த 'போர்டுவாக்' பிறந்தது இப்படி, துடைப்ப வேலையை மிச்சப்படுத்த!

1935இல் பார்க்கர் பிரதர்ஸ் வெளியிட்ட மோனோபொலி பலகையில் இருப்பவை இந்த ஊர்த் தெருப் பெயர்கள்தான். நில உரிமையாளர்கள் எப்படிக் கொழுக்கிறார்கள் என்று காட்டுவதற்காக லிஸி மேகி 1904இல் காப்புரிமை பெற்ற விளையாட்டுதான் அதற்கு மூலம். எச்சரிக்கையாகத் தொடங்கியது ஆசையாக விற்றது. விடுதிகளில் கறுப்பினத் தொழிலாளர்கள் படுக்கை விரித்தார்கள், மூட்டை தூக்கினார்கள். குளிக்க மட்டும் அவர்களுக்குத் தனிக் கடற்கரை.

பிறகு காரும் விமானமும் வந்தன. ஃப்ளோரிடா பக்கத்து ஊர் ஆனது. 1964இல் ஜனநாயகக் கட்சி மாநாடு இங்கே நடந்தபோது, செய்தியாளர்களின் கண்ணில் பட்டது உதிர்ந்துகொண்டிருந்த ஓட்டல்கள். மாநிலமெங்கும் காசினோ என்ற யோசனையை 1974இல் மக்கள் நிராகரித்தார்கள். 1976இல் அட்லாண்டிக் சிட்டிக்கு மட்டும் என்றதும் சரி என்றார்கள். வரிப்பணம் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் போகும் என்ற வாக்குறுதியும் சேர்ந்திருந்தது. சூதாட்டத்துக்குத் தர்மக்கணக்கு எழுதுவதில் எல்லா அரசுகளும் ஒன்றுதான்.

1978 மே மாதம் 'ரிசார்ட்ஸ்' திறந்தது. கூட்டம் அலைமோதியது. ஆனால் காசினோவின் கட்டட இலக்கணமே, வந்தவனை வெளியே விடாமல் இருப்பது. சாப்பாடு, பாட்டு, படுக்கை எல்லாம் உள்ளேயே. வெளியே இருந்த சின்னக் கடைக்காரருக்கு என்ன கிடைக்கும்? ஒரு மூதாட்டியின் வீட்டை இடித்து, டிரம்ப் பிளாசாவுக்கு லிமோசின்கள் நிற்க இடம் செய்ய ஓர் அரசு அமைப்பே முயன்றது. 1998இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

பென்சில்வேனியாவிலும் காசினோ வந்ததும் தனியுரிமை போயிற்று. 2014இல் மட்டும் நான்கு மூடின. ஏறக்குறைய 240 கோடி டாலரில் கட்டிய ரெவெல், திறந்து இரண்டரை ஆண்டுகூட ஓடவில்லை. 1930இல் 66,000 பேர் இருந்த ஊரில் 2020 கணக்கெடுப்பின்படி 38,497 பேர்.

மறுநாள் அப்பாவிடம் தாளில் எழுதிக் காட்டினேன். அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள். ஓர் எண்ணில் ஜெயித்தால் போட்டதோடு சேர்த்து 36 மடங்குதான் கையில் வரும். 38 டாலர் போட்டால் சராசரியாக 2 டாலர் அவனுக்கு. உட்கார உட்கார இது மாறவே மாறாது.

அப்பா தாளைப் பார்க்கவில்லை. "இந்தக் கணக்கு எனக்கும் தெரியும்டா. கணக்குப் பார்த்தா யாராவது சீட்டு வாங்குவாங்க? அடுத்த நாள் விடியறதுக்கு ஒரு காரணம் வேணும், அவ்வளவுதான். அப்ப உனக்கு ஃபீஸ் கட்டணும்."

நான் அதுவரை அவரிடம் கோபம்தான் வைத்திருந்தேன். 1976இல் வாக்களித்த அந்த ஊர்க்காரர்களுக்கும் கணக்குத் தெரிந்தேதான் இருக்கும் என்று அப்போது தோன்றியது. கையில் வேறு சீட்டு இல்லாதவர்கள்.

திட்டம் போட்டாயிற்று. வார நாளில் போகிறோம், அறை வாடகை குறைவு. காலையில் 1857ஆம் ஆண்டின் அப்சீகன் கலங்கரை விளக்கம். 228 படி, அம்மா கீழேயே இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டாள். மாலை பலகைப் பாதையில் நடை. நியூ ஜெர்சியில் பெரும்பாலான கடற்கரைகளில் கோடையில் இறங்கக் காசு வாங்குகிறார்கள். அட்லாண்டிக் சிட்டியில் கடல் இலவசம்.

காசினோவுக்குள் போவோமா என்று அப்பா கேட்கவில்லை. கேட்டால் கூடவே போவேன். இருபது டாலர், அதற்குமேல் இல்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.