கடைசல் பொறியும் எண்ணெயிட்ட கையும்

இலண்டன் விஞ்ஞான நூதனசாலையிலே, 1800ஆம் ஆண்டளவில் ஹென்றி மோட்ஸ்லி என்பார் செய்த கடைசல் பொறியொன்று காக்கப்பட்டு வருகின்றது. நம் பட்டறைகளில் 'லேத்' என வழங்கும் யந்திரத்தின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. செய்தவர் பெயரை உலகம் அறியும். அத்தகைய பொறிகளின் முன் நின்று, நாள்தோறும் எண்ணெயிட்டுத் துடைத்து, அவை தேய்ந்தழியாது காத்தவர்கள் யாவர்? கைத்தொழிற் புரட்சியைப் பற்றி நாம் கற்பிக்கும் பாடங்களில் இக்கேள்விக்கு இடமே இல்லை.

மோட்ஸ்லியும் உழைப்பாளர் நடுவே தோன்றியவர்தாம். 1771இல் வூலிச்சிற் பிறந்த அவர், பன்னிரண்டு வயதிலே அங்குள்ள படைக்கலச் சாலையில் தோட்டாக்களுக்கு வெடிமருந்து நிரப்பும் வேலைக்குச் சென்றார். பின்னர், பூட்டுத் தொழிலிற் பேர்பெற்ற யோசேப் பிராமாவின் பட்டறையிற் சேர்ந்து மேற்பார்வையாளராக உயர்ந்தார். கிழமைக்கு 30 சிலிங்காக இருந்த சம்பளத்தைக் கூட்டுமாறு கேட்டார்; முதலாளி மறுத்தார். 1797இல் மோட்ஸ்லி வெளியேறித் தனிப் பட்டறை தொடங்கினார்.

அதுவரை கடைசற்காரன் பெரும்பாலும் வெட்டுளியைத் தன் கையாலேயே பிடித்து வேலை செய்தான். உளியை இரும்பு நகர்மேடையொன்றிற் பொருத்தி, நீண்ட திருகாணியின் துணையால் ஒரே சீராக நகர்த்தும் முறையை, முன்னவர் பலரின் முயற்சிகளைத் தொடர்ந்து, மோட்ஸ்லி செம்மைப்படுத்தினார். பிரூனலின் திட்டப்படி போட்ஸ்மவுத் கப்பற்றளத்திற்கு அவர் செய்தளித்த கப்பி செய்யும் யந்திரங்கள், 110 கைவினைஞரின் வேலையைத் தேர்ச்சியற்ற 10 பேரைக்கொண்டு முடித்தன. கூலி உயர்வு மறுக்கப்பட்ட ஒருவரின் கைவண்ணமே நூறு பேரின் கூலியை மிச்சப்படுத்தும் கருவியாயிற்று. திறமை மனிதனை விட்டுப் பொறிக்குட் புகுந்துவிட்டது என்று இக்கதையை முடித்துவிடுவது வழக்கம்.

ஆயின், பொறிக்குட் புகுந்த திறமை அங்கே தானாக நிலைத்து நின்றதா? கடைசல் பொறியின் நுட்பம், நகர்மேடை ஓடும் படுகையிலும் சுழலும் அச்சைத் தாங்கும் தாங்கிகளிலும் தங்கியிருக்கிறது. அங்கே உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கினால் அந்நுட்பம் விரைவிலே அழிந்துபோம். பழைய பொறிகளில் விட்ட எண்ணெய் தாங்கியின் வழியே கசிந்து வெளியேறிவிடும். நாள்தோறும் புதிதாக விடவேண்டும். அனுபவமுள்ள தொழிலாளி வேலை தொடங்குமுன் எண்ணெய்க் குழிகளை நிரப்பி, அச்சைக் கையாற் சிலமுறை சுழற்றுவான். படுகையில் இரும்புத் துகள் கிடக்க அதன்மேல் எண்ணெய் விடான். துகளும் எண்ணெயும் குழைந்தால் அக்குழம்பே படுகையை அராவிவிடும். துடைப்பது முதல், எண்ணெய் பின்பு. கிறீசையும் அங்கே பூசான். அது துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 1859இல் பென்சில்வேனியாவிலே எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டுப் பெற்றோலியம் பெருகுமுன், விலங்குக் கொழுப்பும் திமிங்கில எண்ணெயும் தாவர எண்ணெய்களுமே பயன்பட்டன. கெட்டுப் பிசினாகும் எண்ணெயைச் சுரண்டிக் கழுவுவதும் அவன் வேலையே.

இவற்றை அவன் எந்தக் கல்லூரியிற் கற்றான்? விஞ்ஞானம் இதனை விளக்க முன்வந்தது வெகு காலத்தின் பின்னரேயாகும். 1880களின் தொடக்கத்தில் பீச்சம் டவர் என்பார் புகையிரதத் தாங்கிகளை ஆராய்ந்தபோது, தாங்கியின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காகத் துளையொன்றிட்டார். எண்ணெய் உள்ளே இறங்காது மேலே பொங்கி வந்தது. அடைத்த மரக்கட்டையையும் வெளியே தள்ளிற்று. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தலுக்கும் மேற்பட்டிருந்தது. சுழலும் அச்சு எண்ணெயை இடுக்கினுள் இழுத்து, அதன் மெல்லிய படலத்தின்மேல் மிதக்கிறது என்பதை 1886இல் ஒஸ்போர்ன் றெனோல்ட்ஸ் கணிதத்தால் நிறுவினார். அச்சு நிற்கும்போது அப்படலம் விலகிவிடும். ஆகவே ஓடத் தொடங்கும் கணமே தேய்மானத்திற்கு ஏதுவானது. எண்ணெயிட்டு அச்சைக் கையாற் சுழற்றிய அத்தொழிலாளியின் வழக்கத்துக்கு இவ்வாறு காரணம் கிடைத்தது.

நூறாண்டு கடந்த கடைசல் பொறிகள் பல இன்றும் செவ்வனே இயங்குகின்றன. அவற்றின் ஆயுள் வார்ப்பிரும்பின் வலிமையால் மட்டும் வந்ததன்று. தலைமுறை தலைமுறையாகக் கந்தைத் துணியும் எண்ணெயுமாக நின்ற கைகள் அளித்த ஆயுளும் அதுவாகும். தொழிலாளியை யந்திரத்தின் வெறுங் காவலாளி என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது, அவனுடைய அறிவை இரண்டாம் முறையும் பறிப்பதாகும். கைத்தொழிற் புரட்சிப் பாடத்தில் மோட்ஸ்லிக்கு ஒரு பக்கம் ஒதுக்கும் நாம், பெயரறியாத அவனுக்கும் சில வரிகளை ஒதுக்கவேண்டும். அது வகுப்பறையில் நம்மால் இயலக்கூடிய காரியமே.