மக்ரோவில் ஒத்திசையா இணையக் கோரிக்கை

எக்செல் போன்ற மென்பொருளுக்குள் எழுதப்படும் மக்ரோ ஒரு சேவையகத்திடம் தரவைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை திரையை உறையவிடாமல் தன் வேலையைத் தொடர்வதே ஒத்திசையா இணையக் கோரிக்கை. இதனோடு சேர்ந்தே வரும் இன்னொரு விடயம் துண்டுப் பரிமாற்றம். பதிலின் மொத்த அளவு முன்கூட்டித் தெரியாதபோது சேவையகம் அதைப் பகுதி பகுதியாக அனுப்பும்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்தில் மத்திய கிழக்கிலிருந்து வரும் பணத்தை நம்பியிருக்கும் குடும்பங்கள் பல. 2022 மார்ச்சில் இலங்கை ரூபாய் மிதக்கவிடப்பட்டதும், ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 அளவுக்கு ஏறியது. காலையில் எழுதிய விகிதம் மாலையில் உதவாமற்போன நாட்கள் அவை. மருதமுனையில் கைத்தறிச் சாரன் வியாபாரம் செய்யும் ஒருவரின் கணக்காளர், அன்றைய விகிதத்தை எக்செல் தாளுக்கு இழுத்துவர ஒரு மக்ரோ எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இணைப்பு மந்தமானால் தாள் முழுவதும் அசையாமல் நின்றுவிடும். 'பதிலளிக்கவில்லை' என்ற அறிவிப்பு தலைப்பில் வரும்.

காரணம் இணையம் மட்டுமல்ல. 1993இல் எக்செல் 5 உடன் வந்த, மக்ரோக்கள் எழுதப்படும் வி.பி.ஏ. மொழி ஒற்றை இழையில் இயங்குவது. ஒரு வேலை முடியாமல் அடுத்ததைத் தொடாது. எக்ஸ்.எம்.எல்.எச்.ரி.ரி.பி. என்ற பொருளுடன் இதற்கு ஒரு வழி பிறந்தது. அவுட்லுக் மின்னஞ்சலை உலாவியில் காட்டுவதற்காக மைக்ரோசொஃப்ட் உருவாக்கிய இது, 1999 மார்ச்சில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உடன் வெளிவந்தது. அதன் 'ஓப்பன்' கட்டளையின் மூன்றாவது மதிப்பை 'ட்ரூ' என்று கொடுத்தால் மக்ரோ காத்திராது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கோரிக்கைப் பொருளைச் செயல்முறைக்குள்ளேயே அறிவித்தால், செயல்முறை முடிந்ததும் பொருளும் அழிந்துவிடும். பதில் வந்து சேர இடமிருக்காது. அதைத் தொகுதி மட்டத்தில் வைத்திருக்க வேண்டும். 'டூ-இவென்ட்ஸ்' போட்டுச் சுழற்சியில் காத்திருந்தால் திரை அசையும். ஆனால் பொறுமையிழந்தவர் பொத்தானை மறுபடி அழுத்தினால் அதே மக்ரோ இரண்டாம் முறையும் தொடங்கிவிடும். இதைவிடத் துப்புரவான வழி வின்-எச்.ரி.ரி.பி. பொருள். வகுப்புத் தொகுதியில் 'வித்-இவென்ட்ஸ்' என்று அறிவித்தால், தரவு வரும்போதும் முடியும்போதும் பிழை நேரும்போதும் அதுவே தெரிவிக்கும். எக்ஸ்.எம்.எல்.எச்.ரி.ரி.பி. பொருளுக்கு உலாவியின் தற்காலிகச் சேமிப்பிலிருந்து பழைய பதிலைத் தூக்கித் தரும் பழக்கமும் உண்டு. நாணய விகிதத்துக்கு அது ஆபத்து. வின்-எச்.ரி.ரி.பி. பொருளுக்கு அப்பழக்கம் இல்லை.

துண்டுப் பரிமாற்றம் 1997 ஜனவரியில் எச்.ரி.ரி.பி. 1.1 நெறிமுறையோடு வந்தது. எத்தனை மூட்டை என்று தெரியாமலே வயலிலிருந்து ஆலைக்கு வரும் நெல் லொறியைப் போன்றது இது: ஒவ்வொரு நடைக்கும் ஒரு நிறைச்சீட்டு, கடைசியில் பூச்சியம் எழுதிய சீட்டு. அளவு பதினறும எண்ணில் எழுதப்படும். சாதாரண தரப் பரீட்சைக்குத் துவித எண்ணையும் பதினறும எண்ணையும் மாற்றி மாற்றிக் கணக்கிட்ட மாணவர், அந்தப் பாடம் வேலைக்கு வரும் ஓர் இடத்தை இங்கே காணலாம்.

'கல்முனை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு நான்கு எழுத்து, யுனிகோடில் 7 குறியீடுகள், யூ.ரி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 21 பைட். ஒரே துண்டாக வந்தால் அளவு வரியில் '15' என்றிருக்கும். சேவையகம் அதை 10, 11 பைட் என இரண்டாக வெட்டினால் அளவுகள் 'ஏ', 'பி' ஆகும். வெட்டு சரியாக 'ம' என்ற எழுத்தின் நடுவில் விழும். அளவு வரிகளை வின்-எச்.ரி.ரி.பி. தானே நீக்கிவிடும். ஆனால் நிகழ்வில் கிடைக்கும் பைட் தொகுதிகள் எழுத்தின் எல்லையைப் பார்த்து வருவதில்லை. ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியே எழுத்தாக மாற்றினால் 'ம' இருக்கவேண்டிய இடத்தில் குப்பைக் குறிகள் நிற்கும். ஆங்கிலத் தரவை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இந்தப் பிழை கடைசிவரை தெரியாது. எல்லாப் பைட்டுகளையும் ஏ.டி.ஓ. ஸ்ட்ரீம் என்ற பொருளில் சேர்த்து, முழுதும் வந்தபின் ஒரே தடவையில் மாற்றுவதே சரி. வி.பி.ஏ. தொகுப்பியின் திரையோ தமிழைத் தாங்காது. 'க' வேண்டுமென்றால் 2965 என்ற எண்ணைக் கொடுத்துத்தான் பெறவேண்டும்.

துண்டு முறையில் மொத்த அளவைச் சொல்லும் தலைப்பு வராது. அதை நம்பி முன்னேற்றப் பட்டை வரைந்த மக்ரோ திணறும். 2015இல் வந்த எச்.ரி.ரி.பி. 2 இந்த முறையையே கைவிட்டு, தரவைச் சட்டகங்களாகப் பிரித்தனுப்புகிறது.

மருதமுனைக் கணக்காளருக்கு இவ்வளவும் தேவையா? சவூதி ரியால் டொலருக்கு 3.75, கட்டார் ரியால் 3.64 என்று கட்டப்பட்டவை. டொலர் விகிதம் ஒன்று கிடைத்தால் மற்றவற்றைத் தாளிலேயே கணக்கிடலாம். அந்த ஓர் எண்ணுக்கு, இணைப்புக்கும் பதிலுக்கும் 5 விநாடி வரம்பு வைத்த சாதாரண ஒத்திசைவுக் கோரிக்கையே போதும். வரம்பு வைக்காவிட்டால் வின்-எச்.ரி.ரி.பி. இணைப்புக்கு மட்டும் 60 விநாடிவரை காத்திருக்கும். பல முகவரிகளிலிருந்து நீண்ட பட்டியல்களை இழுப்பவருக்குத்தான் ஒத்திசையா முறை செலவழித்த நேரத்தைத் திருப்பித் தரும்.