மிக்சர் கலக்கியவர் வார்டுக்கு வந்த கதை

நம் சங்கக் குடும்பங்களில் மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரி மருந்தகத்திலோ வேலை பார்ப்பவர்கள் உண்டு. "வேலையில் இருந்துகொண்டே மேலே என்ன படிக்கலாம்?" என்று அவர்கள் என்னைக் கேட்டால், நான் பழைய கதையிலிருந்துதான் தொடங்குவேன். இன்றைய சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் மருந்து கொடுத்தவர் கம்பவுண்டர். டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து மிக்சர் கலக்கி, சீசாவில் அளவுக் காகிதம் ஒட்டிக் கொடுப்பார். பலருக்கு முறையான படிப்பு கிடையாது. 1930-இல் ஆர்.என். சோப்ரா தலைமையில் அமைந்த மருந்து விசாரணைக் குழு, இந்தத் தொழிலுக்குப் படிப்பும் சட்டமும் வேண்டும் என்றது. 1932-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் மருந்தியல் படிப்பைத் தொடங்கி வைத்தார். சட்டம் வர 1948 ஆயிற்று.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. முதல் பதிவேடு தயாரானபோது, சீட்டுப்படி மருந்து கலந்து 5 ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் பெயர் பதியலாம் என்றார்கள். கைத்தொழிலுக்கு அன்று அவ்வளவு மதிப்பு! பிறகு அந்த வாசல் மூடிக்கொண்டது. டிப்ளமோ, பட்டம் என்று படிப்பு வளர்ந்தது. ஆனால் பாடமெல்லாம் வேதியியலும் மாத்திரைத் தயாரிப்பும்தான். நோயாளி அதில் எங்கோ ஓரத்தில் நின்றார்.

நோயாளியின் கட்டிலருகே மருந்தாளுநரைக் கொண்டுபோனதில் அமெரிக்காவுக்குப் பெரும் பங்குண்டு. 1966-இல் சான் பிரான்சிஸ்கோ கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் 9-ஆம் மாடியில் அறுவை சிகிச்சை வார்டிலேயே மருந்தகம் வைத்துப் பார்த்தார்கள். 'கிளினிக்கல் பார்மசி' வளர்ந்த வரலாற்றில் அது ஒரு மைல்கல். நம் நாட்டில் 1990-களின் பிற்பாதியில் மைசூர், ஊட்டி ஜே.எஸ்.எஸ். கல்லூரிகள் ஆஸ்திரேலிய நிபுணர்கள் துணையோடு இத்துறையில் எம்.பார்ம். தொடங்கின. மாணவர்கள் டாக்டர்களோடு ரவுண்ட்ஸ் போனார்கள்.

அங்கே இவருக்கு என்ன வேலை என்கிறீர்களா? நம் வீட்டுப் பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்கு ஒரு டாக்டர், ஜுரத்துக்கு இன்னொருவர். இரண்டு சீட்டிலும் பெயர் வேறு, உள்ளே இருப்பது ஒரே பாராசிட்டமால். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் தலைவலிக்கு ஆஸ்பிரினும் போட்டுக்கொண்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பல மருந்துகளின் அளவைக் குறைக்க வேண்டும். இதையெல்லாம் கண்டு டாக்டரிடம் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

2008-இல் 6 ஆண்டு பார்ம்.டி. வந்தது. பி.பார்ம். முடித்தவர்களுக்கு அதே பட்டத்துக்கு 3 ஆண்டு வழி. 2 ஆண்டு படிப்பு, 1 ஆண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடையில் நிற்பவர்களில் பலர் டிப்ளமோக்காரர்கள். பட்டம் வைத்திருப்பவரும் முழுநேரம் படிக்க வேலையை விட வேண்டும். வெளியூரில் வாடகை கொடுத்து, பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிறவர் 3 வருஷம் சம்பளமில்லாமல் எப்படி இருப்பார்? அதனால்தான் 10, 15 வருஷ அனுபவம் உள்ளவர்கள் அப்படியே கவுன்டரில் நின்றுவிட, நேராகப் படித்து வந்த இளைஞர்கள் வார்டுக்குப் போகிறார்கள்.

அனுபவத்துக்கு மறுபடி மரியாதை கிடைத்தது 2014-இல். அந்த ஆண்டு விதிகளின்படி, பதிவு பெற்ற டிப்ளமோ மருந்தாளுநர் 4 ஆண்டு வேலை பார்த்திருந்தால் 2 ஆண்டில் பி.பார்ம். (பிராக்டிஸ்) படிக்கலாம். எம்.பார்முக்கும் பார்ம்.டி.க்கும் இப்படி வேலைக்காரர்களுக்கென்று ஒரு வழி போட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

நம்மைப் போல ஊர் மாறி வந்தவர்களுக்கு இன்னொரு விஷயம். அதே 1948 சட்டப்படி, ஒருவர் எந்த மாநிலத்தில் வசிக்கிறாரோ, தொழில் செய்கிறாரோ, அந்த மாநிலப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். சென்னைப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே வேலை பார்ப்பவர்கள், படிப்புக்கு மனுப் போடுமுன் அதை முதலில் மாற்றிக்கொள்ளட்டும்.