பந்தயச் சில்லும் பழைய டைனமோவும்

கடந்த ஆண்டு ரொறன்ரோவில் உறவினர் இல்லமொன்றில் தங்கியிருந்தேன். வீட்டின் நிலவறையில் என் பெறாமகன் ஒரு விசித்திர இயந்திரத்தை உருவாக்கிக்கொண்டிருந்தான். அலுமினியச் சட்டம், பழைய கார் ஒன்றின் இருக்கை, மூன்று மிதிகள், கணினித் திரை. திரையில் ஓடும் பந்தயக் கார் மேடு பள்ளத்தில் ஏறி இறங்குவதைக் கைகளுக்கு உணர்த்த ஸ்டியரிங்கின் பின்னால் ஒரு மின்மோட்டார்.

“பிரேக்கை ஊன்றி மிதிச்சால் சட்டம் நெளியுது, சித்தப்பா. மூன்றுதரம் கழற்றிப் பூட்டிப்போட்டன்” என்று அலுத்துக்கொண்டான். அந்த அலுப்பினூடே அவன் முகத்தில் ஒரு பூரிப்பும் இருந்தது. அதே முகத்தை நான் தொண்ணூறுகளில் வன்னியில் கண்டிருக்கிறேன்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் எனத் தடைப்பட்டியல் நீண்டது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் கிளிநொச்சியும் இராணுவத்தின் வசமாயிற்று. இலட்சக்கணக்கானோர் வன்னிக் காடுகளின் ஓரங்களில் கொட்டில் போட்டனர். மின்சாரம் இல்லை. செய்தி அறிய வானொலி ஒன்றே வழி. அதற்குப் பற்றரி இல்லை.

விடை துவிச்சக்கர வண்டியில் இருந்தது. வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றினால் பின்சில்லோடு உரசும் டைனமோ மின்சாரம் தரும். ஆனால் அது ஆடலோட்ட மின்சாரம். வானொலிக்கு வேண்டியதோ நேரோட்டம். ஆகவே பழுதான வானொலிகளிலிருந்து டயோட்டுகளையும் மின்தேக்கிகளையும் கழற்றி இடையில் பொருத்தினார்கள். சுற்றுபவர் களைத்தால் குரல் தேயும். வேகம் மிஞ்சினால் வானொலியே கருகிவிடும். 1941இல் தொடங்கி 2017இல் நிறைவுற்ற பிபிசி தமிழோசையின் இரவுச் செய்தியை அயலெல்லாம் கூடியிருந்து கேட்க, சிறுவர்கள் முறைவைத்துச் சுற்றுவார்கள். முக்கியமான செய்தி வரும்போதுதான் கை சோரும். அப்போது எழும் ஏச்சொலியை இன்றும் என் காதுகள் மறக்கவில்லை.

மோட்டார் சைக்கிள்களோ மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது; குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. எனவே ஒரு சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளிகள் விட்டு இயக்கி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இது வன்னிக்கே உரிய புதுமையன்று. 1917இல் அமெரிக்காவில் உற்பத்தி தொடங்கிய ஃபோர்ட்சன் உழவு இயந்திரமும் இதே முறையில் ஓடியதுதான். ஆனால் அது அதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. நம்மவர்களின் வண்டிகள் அப்படியல்ல. பிளக்கில் கரி படியும், எஞ்சின் இடிக்கும், பின்னால் வருபவரைப் புகை மூடும். நடுவழியில் நின்றால் பிளக்கைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் உதைக்கவேண்டும். பத்தாவது உதையில் எஞ்சின் முழங்கும்போது ஓட்டுபவர் முகத்தில் தோன்றிய வெற்றிக்களிப்பு எந்தப் பந்தய வீரனுக்கும் குறைந்ததன்று.

இதை நான் பொற்காலமாகச் சித்திரிக்கவில்லை. வண்டி பற்றாமையால் நோயாளி வைத்தியசாலை சேரத் தாமதித்த இரவுகளும் உண்டு. என் பெறாமகனுக்கு இயந்திரம் பிழைத்தால் ஓர் ஆட்டம் நிற்கும். அங்கே ஓர் உயிரே நின்றுவிடக்கூடும். அவனது தடை அவனே விரும்பி ஏற்றது. அவர்களுடையது அவர்கள்மீது சுமத்தப்பட்டது.

2002 போர்நிறுத்தத்தின்பின் ஏ-9 வீதி திறந்தது; பற்றரியும் பெற்றோலும் வந்தன. டைனமோக்கள் மறுபடி விளக்கெரிக்கப் போயின. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டபோது பழைய வித்தைகள் நினைவுக்கு வந்தன. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலைக் கடந்தவர்கள் உடுத்த உடையோடு வந்தார்கள். கருவிகளை யார் சுமப்பது?

போர்களின் வரலாற்றை எழுதப் பலர் உள்ளனர். அந்தக் கைகளின் வரலாற்றை யார் எழுதுவது? செய்தவர்களுக்கு வயதாகிறது. உங்கள் வீட்டில் அத்தகைய ஒருவர் இருந்தால், இன்றே அருகிலமர்ந்து கேட்டு எழுதிவையுங்கள்.

நான் சொல்லி முடித்ததும் பெறாமகன் சற்றுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: “அந்த டைனமோ எத்தனை வோல்ற், சித்தப்பா?”

“ஆறு” என்றேன். அவன் தாளும் பேனையும் எடுத்தான்.