சிற்றோடை மின்சாரமும் பூசாரியின் பங்கும்



கம்போங் ராஜா என்றால் தேயிலையும் காய்கறியும்தான் நம் நினைவுக்கு வரும். அங்கே ஒரு நீர்மின் நிலையமும் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1960களில் உருவான கேமரன் மலை நீர்மின் திட்டத்தில், பூமிக்கடியில் கட்டிய ஜோர் நிலையத்தின் திறன் 100 மெகாவாட். கம்போங் ராஜாவோ 0.8 மெகாவாட்தான்! ஆனாலும், சிற்றோடைதானே என்று பொறியாளர்கள் ஒதுக்கிவிடவில்லை.

இன்று விஞ்ஞானம் அதைவிடச் சிறிய ஓடைகளைத் தேடுகிறது. மண்ணின் ஈரத்தையும் சரிவின் அசைவையும் அளந்து கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் சிறு கருவிகளுக்கு, மங்கிய வெளிச்சமும் மண்ணுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாடும்கூட உணவுதான். கிடைப்பது மைக்ரோவாட் கணக்கில், அதாவது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு!

இது புது ஆசையல்ல. காலீனா என்னும் ஈயத் தாதுவைக் கொண்டு மின்னலைகளை உணரும் கருவிக்கு நம் ஜகதீஷ் சந்திர போஸ் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் வந்த படிக வானொலிகள் பேட்டரியே இல்லாமல், அலையின் சக்தியிலேயே பாடின. 1998இல் உடல் சூட்டில் ஓடும் கைக்கடிகாரத்தை சீக்கோ விற்பனைக்குக் கொண்டுவந்தது.

சிக்கல் எங்கே? சிறிய வெப்ப வேறுபாடு தருவது சில பத்து மில்லிவோல்ட். சாதாரண டிரான்சிஸ்டர் விழிக்கவே சுமார் அரை வோல்ட் வேண்டும். இதற்கு வழிகாட்டியது போல அமைந்தது 1796இல் பிரான்சின் மோன்கோல்ஃபியே செய்த நீரேற்றி. ஓடும் நீரை வால்வு சட்டென்று அடைக்கும். அந்த அதிர்ச்சியில் கொஞ்சம் நீர் உயரத்துக்கு ஏறும். அதேபோல், கம்பிச்சுருளில் ஓடும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை தடுத்தால் வோல்ட் உயரும்.

ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே! கிடைத்தது 10 மைக்ரோவாட் என்று வைத்துக்கொள்வோம். மாற்றித் தரும் மின்சுற்றே 8ஐ விழுங்கினால் கருவிக்கு மிச்சம் என்ன? ஆகவேதான் தூங்கும்போது ஏறக்குறைய எதையும் தின்னாத சுற்றுகளுக்காக ஆராய்ச்சியாளர்கள் பாடுபடுகிறார்கள்.

இது வெறும் ஆய்வுக்கூட விளையாட்டா? 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் நிரம்பிய சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர் திறக்கப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியாயின. மண்சரிவும் மலைவாசிகளுக்குப் புதிதல்ல. எச்சரிக்கும் கருவி அடைமழையில்தான் விழித்திருக்க வேண்டும். அப்போது வழுக்கும் சரிவில் ஏறி பேட்டரி மாற்றுவது யார்?

எனவே, கருவி வாங்குவோர் "எவ்வளவு மின்சாரம் சேகரிக்கும்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "வெயிலே இல்லாத நாளில் பூசாரி போக மிச்சம் எவ்வளவு?" என்றும் கேளுங்கள். மலையடிவாரத்தில் உறங்குபவர்களின் உயிர் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.